டவர் நின்ற பிறகும் பேசலாம்: ஹாம் ரேடியோ வாசகர் கேள்வி-பதில்

(வடகிழக்குப் பருவமழை வரும் நேரம் என்பதால், பேரிடர் காலத் தகவல் தொடர்பில் ஹாம் ரேடியோ தன்னார்வலர்களின் பங்கு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். தேர்வெழுதி அரசிடம் லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோ நிலையத்திலிருந்து பேசுவதுதான் ஹாம் ரேடியோ; அப்படிப் பேசுகிறவரை ஹாம் என்பார்கள். பதில் சொல்பவர் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்; பல ஆண்டுகளாக லைசென்ஸ் பெற்ற ஹாம்.)

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அரசிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது, போலீஸிடம் வயர்லெஸ் இருக்கிறது. இந்தக் காலத்தில் ஹாம் ரேடியோ எதற்கு ஐயா?
- மருந்துக்கடை உரிமையாளர், மன்னார்குடி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நீங்களும் மன்னார்குடியில்தான் இருந்திருப்பீர்கள். உங்கள் செல்போன் எப்போது நின்றது, எப்போது திரும்ப வந்தது என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் காற்று அடங்குவதற்கு முன்பே பலருக்கு நின்றுவிட்டது. டவர் விழுந்தால்தான் நிற்கும் என்றில்லை. டவர் நிமிர்ந்தே இருந்தாலும் அதன் காலடியில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டர், அதற்கு டீசல். சாலை முழுக்கத் தென்னையும் மின்கம்பமும் குறுக்கே கிடக்கும்போது அந்த டீசலை யார் கொண்டுபோய் ஊற்றுவது? எங்கோ ஒரு பாலத்தடியில் ஃபைபர் கேபிள் அறுந்துபோனாலும் கதை முடிந்தது. இத்தனைக்கும் தப்பிய ஒன்றிரண்டு டவரில் ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும். யாருக்கும் லைன் கிடைக்காது.

சாட்டிலைட் போன் நல்ல கருவி. ஆனால் மாவட்டத்தில் சிலரிடம்தான் இருக்கும், ஒருவர் ஒருவரோடு மட்டுமே பேச முடியும். போலீஸ் வயர்லெஸ்ஸுக்குப் போலீஸ் வேலையே அன்றைக்குத் தலைக்கு மேல் இருக்கும். நிவாரண முகாமில் பால்பவுடர் தீர்ந்துபோன விஷயத்தை அதில் எத்தனை முறை சொல்ல முடியும்?

ஹாம் ரேடியோவில் இந்த முனையில் ஒரு பேட்டரி, ஒரு ஒயர், ஒரு ஆள். அந்த முனையிலும் அதே. நடுவில் யாருடைய டவரும் கேபிளும் கிடையாது. ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாரும் கேட்கலாம். தாலுகா அலுவலகம் சொல்வதை ஆஸ்பத்திரியில் இருப்பவரும் முகாமில் இருப்பவரும் அதே நொடியில் கேட்பார்கள். பேரிடர் நேரத்தில் இதன் மதிப்பு பெரியது.

சுனாமியின்போது ஹாம்கள் பெரிய உதவி செய்தார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். உண்மையில் என்ன நடந்தது?
- பொறியியல் மாணவி, சிதம்பரம்

உங்கள் பேராசிரியர் அந்தமானைத்தான் சொல்லியிருப்பார்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல ஆண்டுகள் ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லை. உலகம் முழுவதும் உள்ள ஹாம்களுக்கு அந்தத் தீவுகளோடு ஒரு முறையாவது பேசிவிட வேண்டும் என்று ஆசை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் ஒரு சிறு குழுவோடு போர்ட் பிளேர் போய் ஒரு ஹோட்டலில் நிலையம் அமைத்தார். உலக நாடுகளோடு பேசிப் பதிவு செய்வதுதான் போன வேலை. டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் பூமி அதிர்ந்தது. கட்டடத்தை விட்டு வெளியே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தீவின் மின்சாரமும் தொலைபேசியும் போய்விட்டன. அவர்கள் நிலையத்தை மறுபடி எழுப்பி, பொழுதுபோக்குப் பேச்சை எல்லாம் நிறுத்திவிட்டு, 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் அவசரச் செய்திகளைக் கடத்த ஆரம்பித்தார்கள்.

அங்கிருந்து போனவை பெரும்பாலும் பெயர்கள். இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்ன ஊரில் உள்ள வீட்டுக்குச் சொல்லுங்கள். பெருநிலத்தில் இருந்த ஹாம்கள் அதை எழுதிக்கொண்டு அந்தந்த வீடுகளுக்குப் போன் செய்தார்கள். பிறகு, மிக மோசமாக அடிபட்ட கார் நிக்கோபாருக்கு இரண்டு பேர் கருவிகளோடு போய் அங்கிருந்து போர்ட் பிளேருக்குத் தொடர்பு கொடுத்தார்கள். கார் நிக்கோபார் அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, கடலுக்கு நடுவில் இருக்கிறது. அதே நாட்களில் இலங்கையிலும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே ஹாம்கள் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இதில் நான் மாணவர்களிடம் எப்போதும் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. பாரதி பிரசாத் குழு அந்தப் பேரிடருக்காகப் போகவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து, இரைச்சலுக்குள் மெலிந்த குரல்களைப் பிரித்துக் கேட்டு, கால்சைனை (ஒவ்வொரு ஹாமுக்கும் லைசென்ஸோடு தரப்படும் அடையாளக் குறி) தப்பில்லாமல் எழுதிப் பழகிய காதும் கையும் அவர்களுக்கு இருந்தன. அதனால்தான் உடனே வேலைக்கு இறங்க முடிந்தது.

கையில் இருக்கும் சின்ன வாக்கி-டாக்கியில் சென்னைக்குப் பேச முடியுமா?
- பிளஸ் டூ மாணவர், நாகப்பட்டினம்

முடியாது தம்பி. கையில் வைத்துக்கொள்ளும் 5 வாட் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) செட், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், கட்டடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டர் போகும். மலை உச்சியிலோ உயரமான கட்டடத்திலோ ரிப்பீட்டர் (பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் கருவி) இருந்தால் இன்னும் நன்றாகவே போகும். நம் டெல்டாவில் மலை ஏது?

சென்னைக்கு எச்எஃப், அதாவது சிற்றலை வேண்டும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டை. இதற்கு ஆன்டெனாவை உயரத்தில் கட்டத் தேவையில்லை, தாழ்வாகவே கட்டலாம். வெளிநாட்டோடு பேச விரும்புகிறவர் ஆன்டெனாவை எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டுவார். நமக்கு வேண்டியது 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள். தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் ஒயரைக் கட்டினால் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், வானத்தில் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி அடுக்கில் பட்டு, குடை விரித்த மாதிரி சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். நடுவில் கட்டடம் இருந்தாலும் மலை இருந்தாலும் தடையில்லை. புயலில் எல்லா மரமும் சாய்ந்த பிறகு இரண்டு மூங்கில் நட்டுக்கூட இதைக் கட்டிவிடலாம்.

7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இந்த ஆன்டெனா ஒயரின் மொத்த நீளம் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்துப் பத்து மீட்டர். நடுவில் செட்டுக்கு இறங்கும் கோஆக்ஸ் கேபிள். ஆன்டெனா ஒயருக்குப் பழைய வீட்டு வயரிங் கம்பியே போதும். கொஞ்சம் நீளமாகவே வெட்டிக்கொண்டு பிறகு குறைத்துச் சரிசெய்யுங்கள்.

அவசர நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து என்னதான் பேசுவீர்கள்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?
- ஊராட்சி மன்ற உறுப்பினர், பண்ருட்டி

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. பலரும் ரேடியோப் பெட்டியைப் பற்றிக் கேட்பார்கள். வேலையைப் பற்றிக் கேட்பது அபூர்வம்.

ஒரே அலைவரிசையில் பல ஹாம்கள் கூடிப் பேசுவதற்கு நெட் என்று பெயர். முதலில் அதை நடத்த நெட் கண்ட்ரோல் என்று ஒருவர் உட்காருவார். அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் பேச வேண்டும். ஒவ்வொரு நிலையமும் தன் கால்சைனைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளும். யாரிடமாவது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி இருந்தால் அவருக்கு முதல் வழி, மற்ற எல்லாரும் மௌனம். இந்த மௌனம்தான் புதியவர்களுக்கு வருவதே இல்லை. "சார் நான் உதவட்டுமா", "சார் எனக்கு நன்றாகக் கேட்கிறது" என்று நல்லெண்ணத்தோடு குறுக்கே பேசுவார்கள். ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்போது இன்னொருவரும் அழுத்தினால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும்.

செய்தியை எப்போதும் தாளில் எழுதிய பிறகே படிக்க வேண்டும். வரிசை எண், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, விஷயம், கையெழுத்து. வாங்குகிறவர் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். அனுப்பியவர் சரி என்ற பிறகுதான் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

கஜாவுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட முகாமில் நான் பேட்டரியும் ரிக்கும் (ரேடியோப் பெட்டி) வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு இளைஞர் ஓடிவந்து, "சார், இன்சுலின் வேணும்னு சொல்லுங்க" என்றார். அதை அப்படியே அனுப்பியிருந்தால் ஏதோ ஒரு இன்சுலின் வந்திருக்கும். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. சிரிஞ்சும் அதற்கு ஏற்றபடி வேறு வேறு. மாற்றிப் போட்டால் ஆபத்து. மருந்துக்கடைக்காரரும் செவிலியரும் இதை நன்றாக அறிவார்கள், ரேடியோக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகாமில் இருந்த கிராம சுகாதார செவிலியரை அழைத்து, மருந்தின் பெயர், எந்த வகை, எத்தனை குப்பி, சிரிஞ்சு எது, எத்தனை பேருக்கு என்று எழுதி வாங்கி, அவர் கையெழுத்தோடு அனுப்பினேன். மாலையில் சரியான மருந்து வந்தது.

இன்னொன்று எண்கள். இரைச்சலுக்கு நடுவே "அறுபது" என்பதும் "எழுபது" என்பதும் ஒரே மாதிரி கேட்கும். "அரிசி அறுபது மூட்டை" என்று சொல்லக் கூடாது. "ஆறு, சுழி, அறுபது மூட்டை" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிட்டு முழு எண்ணையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரிலும் எச்சரிக்கை தேவை. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துத் தாலுகாவில் இரண்டு ஊர் இருக்கும், ஒரே ஊராட்சிக்குள் வடக்குத் தெரு ஏழெட்டு இருக்கும். ஊராட்சி, ஒன்றியம் இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் லாரி சரியான இடத்துக்குப் போகும்.

அப்புறம் நலச் செய்திகள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். இங்கே அம்மா எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் அங்கே தவித்தார்கள். வட்டாட்சியர் கேட்டுக்கொண்டதன் பேரில் முகாமில் இருந்தவர்களின் பெயரையும் பிள்ளைகளின் போன் எண்ணையும் நானும் ஒரு மாணவனும் எழுதி, கோவையில் இருந்த ஒரு ஹாமுக்கு வாசித்தோம். அவர் ஒவ்வொரு எண்ணையும் திரும்பப் படித்தார், அப்புறம் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். உணவும் தார்ப்பாயும் வருவதற்குத் தாமதமானாலும் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். பிள்ளைக்குச் செய்தி போய்விட்டதா என்றுதான் அடிக்கடி வந்து கேட்டார்கள்.

வெளியாருக்காகச் செய்தி கடத்துவது சாதாரண நாளில் ஹாம்களுக்கு அனுமதி இல்லாத வேலை. வழக்கமான தொலைத்தொடர்பு செயலிழந்த பேரிடரில், மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரிகளின் வேண்டுகோளின்படி செய்யலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு தாளிலும் பொறுப்பானவர் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன்.

ஆன்லைனில் மலிவாக வாக்கி-டாக்கி கிடைக்கிறது. நாலு வாங்கி இளைஞர் மன்றத்துக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், சீர்காழி

கூடாது. லைசென்ஸ் இல்லாமல் அந்த அலைவரிசைகளில் பேசுவது குற்றம். இதை விற்கும் இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2025இல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. லைசென்ஸ் தேவைப்படாத, குறைந்த சக்தி கொண்ட, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் வேலை செய்யும் அங்கீகரிக்கப்பட்ட செட்கள் உண்டு. ஒரு தெருவுக்குள், ஒரு முகாமுக்குள் பேச அவை போதும். வாங்குவதற்கு முன் அலைவரிசையையும் அங்கீகாரத்தையும் பார்த்து வாங்குங்கள். மற்ற செட்களை வாங்கி, தெரியாமல் போலீஸ் சேனலில் பேசிவைத்தால் உதவி செய்யப் போன பிள்ளைகள் ஸ்டேஷனில் நிற்க வேண்டியிருக்கும்.

நான் மீனவன். படகில் ஹாம் ரேடியோ வைத்தால் புயல் நேரத்தில் உதவுமா?
- வாசகர், ஆறுகாட்டுத்துறை

அண்ணே, உங்களுக்கு வேண்டியது வேறு கருவி. கடலுக்கென்று தனி விஎச்எஃப் இருக்கிறது. அதில் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுவதும் ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. கப்பல்களும் கடலோரக் காவல்படையும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஹாம் அலைவரிசையில் நீங்கள் கூப்பிட்டால் பக்கத்தில் போகும் கப்பலுக்குக் கேட்காது. தொழிலுக்கு ஹாமைப் பயன்படுத்தவும் விதியில் இடமில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்களுக்கு விஎச்எஃப் தூரம் பத்தாது. செயற்கைக்கோள் வழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டரும் ஆபத்து அறிவிப்புக் கருவியும் வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். பொருத்தினால் மட்டும் போதாது, சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கரைக்கு அருகில் செல்போன் எடுக்கும் இடத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படித்தது காமர்ஸ். நான் ஹாம் ஆக முடியுமா?
- இல்லத்தரசி, கும்பகோணம்

தாராளமாக ஆகலாம் அம்மா. 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம், மேல் வரம்பு கிடையாது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவுதான் தேர்வு நடத்துகிறது. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. முதல் நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் ஆன குறியீடு) தேவையில்லை; அடிப்படை மின்னியலும் விதிமுறைகளும் படித்தால் போதும். ஓம் விதி, அலைநீளம், ஆன்டெனா, எந்தப் பட்டையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, இந்த அளவுதான். தேர்ச்சிக்குப் பிறகு காவல்துறைச் சரிபார்ப்பு இருக்கும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். விதிகள் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை ஒட்டி மாறிவருவதால், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

என் அனுபவத்தில் வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அருமையான ஆபரேட்டர்களாக வருகிறார்கள். பட்டியல் எழுதுவது, சரிபார்ப்பது, விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது. சர்க்யூட்டை நான் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவேன். அந்த நிதானத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பேரிடர் இல்லாத நாட்களில் என்ன செய்வீர்கள்?
- வாசகர், தஞ்சாவூர்

பேசிப் பழகுவோம். மேற்கு வங்காளத்தில் ஹாம்கள் ஒவ்வொரு ஆண்டும் கங்காசாகர் மேளாவில் நிலையம் அமைத்து, கூட்டத்தில் தொலைந்தவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கிறார்கள். பெயரும் ஊரும் சரியாகச் சொல்லத் தெரியாத முதியவர்களைக்கூட, அவர்கள் பேசும் பாஷையை வைத்து மாநிலத்தைக் கணித்து, அந்தப் பக்கத்து ஹாம்களிடம் விசாரித்து வீட்டில் சேர்க்கிறார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவில் இதை நாமும் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவ்வளவு கூட்டத்தில் சில நாட்கள் வேலை செய்த குழுவுக்குப் புயலன்று தனியாகப் பயிற்சி தேவைப்படாது.

எங்கள் ஊரில் நான்கு ஹாம்கள் இருக்கிறோம். மாவட்ட நிர்வாகத்தில் யாருக்கும் எங்களைத் தெரியாது. மழைக்கு முன் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், கடலூர் மாவட்டம்

இப்போதே போய்ப் பாருங்கள். புயல் அடித்த மறுநாள் காலையில் கையில் ரிக்கோடு போய் நின்றால், இவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் 1077 எண்ணுக்குப் பதில் சொல்லும் அவசரகால மையம் இருக்கிறது. அதைக் கவனிக்கும் பேரிடர் மேலாண்மை வட்டாட்சியரைப் பாருங்கள். லைசென்ஸ் நகல், கால்சைன், எந்த ஊரில் வீடு, எந்தப் பட்டையில் பேச முடியும், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நிறைய வாக்குறுதி தராதீர்கள். "கரண்டும் போனும் போனால், உங்கள் அலுவலகத்துக்கும் இந்த மூன்று இடத்துக்கும் நாங்கள் தொடர்பு தருவோம்" என்று சொன்னால் போதும். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்; ஒவ்வொரு ஆண்டும் மறுபடி போய் அறிமுகம் செய்துகொள்ள அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அனுமதி வாங்கி, அந்த அலுவலக மாடியிலிருந்தே ஒரு முறை பேசிப் பாருங்கள். இன்வெர்ட்டரும் எல்இடி விளக்குகளும் கிளப்பும் இரைச்சலில் உங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்டது அங்கே கேட்காமல் போகலாம். எந்த மூலையில் ஆன்டெனா கட்டினால் சரிவரும் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரிக் கணக்கையும் போட்டுவையுங்கள். 100 வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும், கேட்கும்போது சுமார் 1 ஆம்பியர். ஆகவே சக்தியைக் குறைத்து, குறைவாகப் பேசி, நிறையக் கேளுங்கள். ஒரு சோலார் பேனலும் சார்ஜ் கண்ட்ரோலரும் இருந்தால் மூன்றாம் நாளும் தாங்கும். செய்தித் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். பேனாவோடு பென்சிலும் வையுங்கள், ஈரத் தாளில் பென்சில்தான் எழுதும். உங்கள் சொந்த வீட்டுக்கு அரிசி, மருந்து, தண்ணீர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டைப் பற்றிய கவலையோடு உட்காருகிறவரால் எழுத்தில் கவனம் வைக்க முடியாது.

நான்கு பேர் இருந்தால் இரண்டு இரண்டு பேராக முறை போட்டுத் தூங்குங்கள். அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஒரு ஞாயிறு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் எங்களைக் கூப்பிடுங்கள். எங்கள் நெட் ஞாயிறு காலை 40 மீட்டர் பட்டையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் நடக்கிறது. உங்கள் செய்தியை எழுதி வாங்கித் திரும்பப் படித்துக் காட்டுகிறோம்.